பழைய கம்பளி நெசவும் நம் கடற்கரை ஈரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா போய்வந்தவர்களின் வீட்டுப் பரண்களில் பதூயின் (அரபு நாடோடி) பெண்கள் நெய்த சதூ விரிப்பு, ஒட்டகப் பை, பலூச்சிக் கம்பளம் என ஏதாவது கிடப்பதுண்டு. யுனெஸ்கோ 2011-லும் 2020-லும் பண்பாட்டு மரபுப் பட்டியல்களில் சேர்த்த நெசவு சதூ. இதையெல்லாம் சேகரிப்பவர்கள் வாங்கும்போது காட்டும் அக்கறையை வைத்துக் காப்பதிலும் காட்ட வேண்டும்.

வாங்கும்போது பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நாடோடிகளின் பழைய நெசவில் பெரும்பாலும் பாவும் (நீளவாக்கில் ஓடும் அடி நூலும்) கம்பளி நூல்தான். வெள்ளைப் பருத்திப் பாவு என்றால் பட்டறைச் சரக்காக இருக்கலாம். முடிச்சுகளை விலக்கினால் நுனி வெளுத்து, அடியில் ஊதாவோ ரோஸோ பளிச்சென்று தெரிகிறதா? அது பெரும்பாலும் செயற்கைச் சாயம். செயற்கைச் சாயமே 1856-ல்தான் வந்தது; அதற்கு முந்தையது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அதற்காக நேற்று நெய்தது என்றும் ஆகிவிடாது.

கம்பளத்தின் மேல் முடி போய்ப் பாவு மட்டும் நின்றால், ஒன்று தேய்மானம், இல்லை புழு. அந்துப்பூச்சிப் புழு கம்பளியைத் தின்னும், பருத்தியைத் தொடாது. திறந்த பரணில் நாலு பாச்சை உருண்டை போடுவதால் ஒன்றும் ஆகாது, வாடைதான் மிச்சம். பாலிதீனில் உள்காற்றை வெளியேற்றிச் சுற்றி, டேப் ஒட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். பெரிய கம்பளத்துக்கு, தெரிந்தவரின் இறால் குளிர்கிடங்கில் இடம் கேட்கலாம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்தே பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த கம்பளியில் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

உப்புத்தூசி காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆகவே வேக்குவம் முனையில் கொசுவலைத் துண்டு கட்டி மெதுவாக உறிஞ்சி எடுங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் அலசக் கூடாது. நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்திலும் அழுத்திப் பார்க்காமல் நல்ல தண்ணீர்கூட ஆபத்து, சிவப்பு ஒழுகினால் மீளாது. மடிக்காமல், கஞ்சி போகத் துவைத்த காடாத் துணி சுற்றிய குழாயில் சுருட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை நிழலில் பிரித்துப் பாருங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவினர் மழைக்கு முன் ராமநாதபுரத்தில் ஒரு நாள் பயிற்சி நடத்த மாவட்ட நிர்வாகம் கேட்டுப் பெற வேண்டும்.

- வாசகர்கள் சிலர், கீழக்கரை