கண் யாரைப் போல, மூக்கு யாரைப் போல?

வேலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம். மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்துவிட்டது, ஆனாலும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் டீச்சர்களும் இதைப் படித்தால் நல்லது.

நான் காட்பாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் மூன்றாம் வகுப்பு. எந்தப் பள்ளி, எந்த டீச்சர் என்று எழுதப் போவதில்லை. ஒரு டீச்சரோடு முடிகிற விஷயமாக இருந்தால் நேரில் போய்ப் பேசியிருப்பேன். இதை எழுதலாமா என்று மகளிடமும் கேட்டேன். "என் பேரு போடாத" என்றாள். போடவில்லை.

போன மாதம் 'என் குடும்பம்' பாடத்துக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ஐந்து கட்டம். கண் யாரைப் போல, மூக்கு யாரைப் போல, முடி, நிறம், உயரம். கண்ணுக்கு 'தெரியாது', மூக்குக்கு 'தெரியாது' என்று எழுதியிருந்தாள். முடிக்கு 'அம்மா'. என்னுடையதும் சுருட்டை இல்லாத முடிதான், கவனித்திருக்கிறாள். நிறத்துக்கு 'அப்பாவை விட வெள்ளை'. உயரத்துக்கு 'இன்னும் வளரணும்'. அப்புறம் தாளின் அடியில் ஸ்கேல் வைத்து ஆறாவதாக ஒரு கட்டத்தை அவளே போட்டு, 'பேச்சு – ஆயா' என்று எழுதியிருந்தாள். ஆயா என்றால் அவள் அப்பாவைப் பெற்ற பாட்டி. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு. கேட்காத கேள்விக்குப் பதில் என்று நினைத்திருக்கலாம். மார்க் ஐந்துக்கு இரண்டு.

அவளை நாங்கள் தத்தெடுத்தோம். மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதியும்போது, எந்த மாநிலத்துக் குழந்தை என்ற இடத்தில் எதுவானாலும் சரி என்று கொடுத்தோம். அசாமிலிருந்து அழைப்பு வந்தது. காட்பாடியில் ரயில் ஏறி கவுகாத்தியில் இறங்கினோம். திரும்பி வரும்போது மடியில் 14 மாதக் குழந்தை. அப்போது தத்து உத்தரவை நீதிமன்றம் போட்டது, 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே போடுகிறார். யார் போட்டாலும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி தத்துப் பிள்ளை எல்லா உரிமையோடும் பொறுப்போடும் எங்கள் பிள்ளை. பிறப்புச் சான்றிதழிலும் எங்கள் பெயர்தான். அதை அட்மிஷனுக்கு நீட்டியபோது, தாளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சொந்த அப்பா அம்மா பேரு எங்கம்மா?" என்று கேட்டார்கள். பின்னால் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. பிள்ளைக்கும்தான்.

நம்ம ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? சி.எம்.சி.க்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று ஜனம் வந்துகொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டுகூட பெங்காலியில் இருக்கும். அந்தப் பக்கம் இவளைக் கூட்டிக்கொண்டு போனால் ஆட்டோக்காரர்கள் இந்தியில்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அப்படிக் கூப்பிட்டவரிடம், "இன்னாண்ணா, நான் காட்பாடிண்ணா. பஜாருக்குப் போய்க்கினு இருக்கோம்" என்றாள். அந்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்து, பக்கத்துக் கடையில் சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "எத்தினி வாட்டிம்மா சொல்றது?"

அந்தப் பேச்சு என் மாமியாருடையது, குடியாத்தத்துப் பேச்சு. கையை ஆட்டுவது, கோபம் வந்தால் தட்டைத் தள்ளி வைப்பது எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். ஒரு மீட்டிங்கில் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடம் ஜாஸ்தி. எந்த ரத்தமோ, பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அந்த அடத்தோடு பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள் நான். அது எந்த ரத்தம் என்று எனக்கு நன்றாகவே தெரியும், ரத்தமே இல்லை என்றும் தெரியும். அதே டீச்சர் அவள் ஓவியத்தில் பரிசு வாங்கியபோது, "எல்லாம் உங்க வளர்ப்பு" என்றார். கெட்டதென்றால் ரத்தம், நல்லதென்றால் வளர்ப்பு. கடையில் இப்படிக் கணக்கு எழுதினால் ஒரு மாதம் தாங்காது.

அதற்காக அவள் எதையும் கொண்டுவரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்த புதிதில் குப்புறப் படுத்துக்கொண்டு, தூங்கும்வரை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருப்பாள். தூக்கி மடியில் போட்டால் விறைத்துக்கொள்வாள். இல்லத்தில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் போதாது, அதனால் தன்னைத் தானே தாலாட்டிக்கொள்ளப் பழகியிருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்து, அப்புறம் நின்றுவிட்டது.

அந்த நாட்களில்தான் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். 1990களின் தொடக்கத்தில் ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப்போன பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரின் குழு பல வருஷம் விடாமல் கவனித்தது. ஆறு மாதத்துக்குள் வீடு கிடைத்த பிள்ளைகள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்குமேல் இல்லத்தில் கிடந்தவர்களில் பலருக்குச் சிரமம் நீடித்தது. எல்லாரும் ஒரே நாட்டுப் பிள்ளைகள்தான். இல்லத்தில் கிடந்த காலம்தான் கூடக் குறைய.

இன்னொன்று கனடாவின் மான்ட்ரியலில் நடந்தது, 2014இல் வெளியானது. சீனாவிலிருந்து கைக்குழந்தைகளாகத் தத்து வந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளுக்குச் சீன மொழியின் தொனிகளைக் கேட்க வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். சீனத்தில் ஒரு சொல்லும் அவர்களுக்கு நினைவில்லை. ஆனால் சீனம் பேசுகிறவர்களின் மூளையைப் போலவே அவர்களுடைய மூளையும் அந்த ஒலியை வாங்கியிருக்கிறது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிற இவள் காதுக்குள், இவளுக்கே தெரியாமல், யார் குரல் இருக்கிறதோ?

அசாமை நாங்கள் மறைத்ததில்லை. நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்களில் அங்கே ரொங்காலி பிஹு, அவர்களுடைய வருஷப் பிறப்பு. முதல் இரண்டு வருஷம் நான் மெனக்கெட்டு பிஹு பாட்டெல்லாம் போட்டுக் காட்டினேன். அவளுக்கு ஆம்பூர் பிரியாணியும் தொட்டுக்கக் கத்தரிக்காயும் இருந்தால் போதும், சரி என்று விட்டுவிட்டேன். கேட்கும்போது கேட்கட்டும். 18 வயதுக்குப் பிறகு தன்னைப் பெற்றவர்களைப் பற்றி விசாரிக்கச் சட்டம் அவளுக்கு இடம் கொடுக்கிறது. கூப்பிட்டால் நானும் ரயில் ஏறுவேன்.

'நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை' என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்த அன்று, "எந்தத் தாயைப் போலம்மா?" என்று கேட்டாள். இரண்டு பேரையும் போலத்தான் என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப அந்தத் தாள்ல ரெண்டு கட்டம் வேணும்ல?" என்றாள்.

என் மகள் ஒருத்திக்காக மட்டும் கேட்கவில்லை. அப்பா விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உண்டு. ஆயா வீட்டில் வளர்கிறவர்கள் உண்டு. வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள். கண்ணும் மூக்கும் யாரைப் போல என்ற தாளை அவர்கள் கையில் கொடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். யாரிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டாலும் அதே பாடம் நடக்கும். 'சொந்த அம்மா' என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். பெற்ற அம்மா என்று சொன்னால் போதும், அதையும் பிள்ளை பேச்செடுத்தால் மட்டும். தத்துப் பிள்ளை என்று தெரிந்தால் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பாவப்படவும் வேண்டாம். பாவப்பட்டது எப்படியோ இடைவேளைக்குள் விளையாட்டு மைதானத்துக்கு வந்துவிடுகிறது.

அந்தத் தாள் கடையில் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. அடுத்த மீட்டிங்குக்கு எடுத்து வருகிறேன். மற்றக் கட்டங்களுக்கு வேண்டாம், 'பேச்சு – ஆயா' என்ற வரிக்கு மட்டும் ஒரு மார்க் போட்டுக் கொடுங்கள். ஆயாவிடம் காட்ட வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா
காட்பாடி