பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கையறை மூலையில் கறுப்புப் புள்ளிகளாக இருப்பது பூசணம். பாத்ரூமை ஒட்டிய சுவரில் மாவு போல வெள்ளையாக இருப்பது உப்பு. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கரைந்துவிடும். உப்பு பூத்திருக்கிறது என்றால் அந்தச் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது.

பெயின்டர் சொல்கிறார் என்று பட்டி பார்த்து ஓதத் தடுப்புப் பூச்சு அடித்துவிடாதே. ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே மூடினால், வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்புளித்துப் பட்டியோடு உரியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறவரை சுவரில் ஒரு பைசா செலவழிக்காதே.

ஈரம் கூடும் நேரத்தைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். மழைக்குப் பிறகு கூடி, வெயில் அடித்தால் வற்றினால் வெளிச்சுவர் விரிசலையும், சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தையும், ஜன்னல் சட்டத்தின் ஓரத்தையும் பார். மழை, வெயில் எதுவானாலும் ஒரே அளவு ஈரம் என்றால், எப்போதும் தண்ணீர் நிற்கும் சப்ளை குழாய். மேல் வீட்டில் குளிக்கும்போது மட்டும் கூடினால் அவர்கள் பாத்ரூம் தரை, அல்லது கழிவுநீர்க் குழாய்.

எது என்று பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. மேல் வீட்டாரிடம் நீயே நேரில் போய்ப் பக்குவமாகக் கேள். நஹானி ட்ராப்பை, அதாவது பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் துளையை, பாலிதீன் சுற்றிய துணியால் அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, டைல்ஸில் பென்சிலால் கோடு போட வேண்டும். 24 மணி நேரம் அந்தப் பாத்ரூமை யாரும் பயன்படுத்தக் கூடாது. மட்டம் கோட்டைவிட நன்றாக இறங்கினாலோ, உன் சீலிங் நனைந்தாலோ தரையில்தான் கோளாறு. தரை தாங்கி, அடைப்பை எடுத்துத் தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகு நனைந்தால் ட்ராப் அல்லது குழாய் இணைப்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் டைல்ஸை உடைப்பது வீண் செலவு.

தரைதான் என்றால், டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி எபாக்ஸி கிரவுட் (இடுக்கை நிரப்பும் பிசின் கலவை) போடுவதில் சில சமயம் நிற்கும். நிற்காவிட்டால் டைல்ஸை எடுத்து, குழாய் நுழையும் இடங்களைச் சுருங்காத கிரவுட்டால் அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கை, சுவரில் ஒரு அடி உயரம்வரை ஏற்றி அடிக்க வேண்டும். பிறகு மறுபடி தண்ணீர் நிறுத்திப் பார்த்த பின்தான் டைல்ஸ். கொத்தனார் அவசரப்படுவார், விட்டுக்கொடுக்காதே.

படுக்கையறை மூலை வேறு கதை என்று நினைக்கிறேன். அங்கே ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடு. தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் சுவர் காயும் என்பது தப்புக் கணக்கு. வெளிக்காற்று 26 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், சுமார் 23 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தச் சுவரிலும் அது நீராகப் படியும். நீங்கள் ஏசியை 18-இல் வைத்துவிட்டுக் காலையில் ஜன்னலைத் திறக்கிறீர்கள். சுவர் வியர்க்காமல் என்ன செய்யும்? 25, 26-இல் வை. மழை நாளில் டிரை மோடு போதும். ஈரத் துணியை அந்த அறையில் காயப்போடாதே. ஒரு மெஷின் துணியிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர்கூடக் காற்றில் கலக்கும். பீரோவைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வை. அந்துருண்டை ஈரத்தை எடுக்காது. குளித்த பின் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேன் இருபது நிமிடம் ஓடட்டும். ஈரப்பதமானி ஒன்று வாங்கு. அறையில் 60-க்குக் கீழே நிற்பதுதான் இலக்கு.

பூசணத்தைத் துடைக்கும்போது குழந்தை வீட்டில் இருக்க வேண்டாம். அவனுக்கு இழுப்பு இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். என்95 மாஸ்க், கையுறை போட்டுக்கொள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதே, வித்துகள் வீடெங்கும் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டி எறிந்துவிட்டு, சுவரை அன்றே ஃபேன் வைத்துக் காயவிடு. பிளீச்சிங் பவுடரும் பாத்ரூம் ஆசிடும் ஒன்றோடொன்று படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். பீரோவின் பின்பலகை ஊறிப் பிரிந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, பலகையை மாற்று.

பாலிதீன் தாளை இன்றே ஒட்டு. எந்தப் பக்கம் நீர் கோத்தது என்று சொன்னால் அடுத்ததை யோசிக்கலாம்.

அன்புடன்,
அப்பா