பதிவே ஆகாத ஏழு மணி நேரத்துக்கும் சேர்த்து ‘நார்மல்’ என்று எழுதிய ஹோல்டர் ரிப்போர்ட்: புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மின் கணக்கீட்டாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
வீட்டுப் பரிசோதனைப் பிரிவு.

நாள்: 09.06.2025

பொருள்: என் மனைவிக்கு மே 13, 14 தேதிகளில் எடுத்த 24 மணி நேர ஹோல்டர் (நெஞ்சில் மாட்டி இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் மெஷின்) பதிவும் தவறான ரிப்போர்ட்டும்.

ஐயா,

இது நான் உங்களுக்கு எழுதும் இரண்டாவது கடிதம். முதலில் அனுப்பிய மின்னஞ்சலுக்கு நான்கே வரியில் பதில் வந்தது. ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தொடங்கி, முழு உடல் பரிசோதனைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பனில் முடிந்தது. கூப்பன் எனக்கு வேண்டாம். நான் கேட்டதற்குப் பதில்தான் வேண்டும். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

என் மனைவிக்கு வயது 61. மூன்று மாதமாக, வாரத்தில் நாலைந்து நாள், விடியற்காலையில் எழுந்து நடக்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் சில விநாடிகளில் சரியாகிவிடும். ஒரு நாள் சுவர் கைக்கு எட்டவில்லை, கீழே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஆனால் அந்தத் தாளில் இருப்பது சுமார் பத்து விநாடி இதயத் துடிப்பு மட்டும்தானே. விடியற்காலை வருகிற திருடனைப் பகல் பதினொரு மணிக்குத் தேடின கதை. அதனால்தான் ஒரு முழு நாள் பதிவு செய்யும் ஹோல்டர் எழுதிக்கொடுத்தார். இடையில் துடிப்பு நின்று நின்று வருகிறதா, அப்படி நிற்கும் நேரத்தில்தான் கண் இருட்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

உங்கள் எண்ணுக்குப் போன் செய்து, பெண் டெக்னீசியன் வேண்டும் என்று கேட்டேன். கண்டிப்பாக அனுப்புகிறோம் என்றார்கள். 2,800 ரூபாய் முன்கூட்டியே கட்டினேன். மே 13, செவ்வாய்க்கிழமை காலை வந்தது ஒரு பையன். நல்ல பையன், மரியாதையாகப் பேசினான், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு அவனுக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி. என் மனைவிக்குக் கூச்சம், அவனுக்கும் கூச்சம். எலக்ட்ரோடுகளை, அதாவது வயர் மாட்டும் ஒட்டுகளை, நெஞ்சில் எங்கே ஒட்ட வேண்டும் என்று கையால் காட்டிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாதி ஒட்டுகளை ஒட்டியது நான். முப்பத்தோரு வருடம் மீட்டர் பார்த்தவன் இதயத்துக்கு வயர் மாட்டினேன் என்றால், உங்கள் சேவையைப் பற்றி அதற்கு மேல் என்ன சொல்ல?

ஒட்டும் முன் தோலை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவில்லை. டிஷ்யூ பேப்பரால் ஒரு தடவை ஒற்றி எடுத்ததோடு சரி. எலக்ட்ரோடு பாக்கெட் ஏற்கெனவே பிரித்திருந்தது. உள்ளே நடுவில் இருக்கும் ஜெல் விரலில் ஒட்டவே இல்லை, காய்ந்த பசை போல இருந்தது. மே மாத வெயிலில் பைக் பெட்டியில் கிடந்த பாக்கெட் வேறு எப்படி இருக்கும்?

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது, அப்புறம்தான் படித்தேன். வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். இதயத்திலிருந்து நெஞ்சுத் தோல் வரை வந்து சேர்வது ஒரு மில்லிவோல்ட் அளவு. அந்தத் துளி மின்சாரம் தோலைத் தாண்டி எலக்ட்ரோடுக்குப் போக ஈரம் வேண்டும், உப்பு வேண்டும். ஹாலந்தில் லெய்டன் நகரத்தில் ஐந்தோவன் என்ற மருத்துவர் 1900களின் தொடக்கத்தில் ஈசிஜி எடுத்தபோது, நோயாளியின் இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் ஜாடிக்குள் வைக்கச் சொன்னார். அந்த வேலைக்காக 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஜாடித் தண்ணீரின் வேலையைத்தான் இன்று அந்த ஜெல் செய்கிறது. ஜெல் காய்ந்தால் ஜாடி காலி.

வயரை ஒரு சுற்று வளைத்து, நெஞ்சில் டேப் போட்டு நிறுத்தியிருந்தால் இழுத்தாலும் ஒட்டு பெயராது. அதையும் செய்யவில்லை. எந்த நேரத்தில் என்ன செய்தார், எப்போது தலை சுற்றியது என்று எழுதிவைக்க ஒரு தாள் கொடுப்பார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டேன். ‘ஸ்டாக் இல்லை சார்’ என்றான். பேரனின் பழைய ரூல்டு நோட்டில் நானே எழுதினேன். இன்று என்னிடம் இருக்கும் ஒரே நம்பகமான ஆவணம் அந்த நோட்டுதான்.

மெஷின் ஓடத் தொடங்கியது காலை 10.40. மாலை 6.05க்கு வடாம் எடுக்க மாடி ஏறினார், மூச்சு வாங்கியது, எழுதினேன். இரவு பத்து மணிக்குப் படுத்தார். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கரன்ட் போய்விட்டது. (பழுது பார்க்கப் போகிறவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது, விட்டுவிடுகிறேன்.) ஃபேன் நின்றது, வியர்த்துக் கொட்டியது. 4.50க்கு எழுந்து பாத்ரூம் போகும்போது வழக்கம் போலக் கண் இருட்டியது. ‘ஏங்க’ என்று குரல் கொடுத்தார். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, அந்த நேரத்தைக் குறிக்க மெஷினில் இருந்த பட்டனை நானே அழுத்தினேன். விளக்கு வந்ததும் பார்த்தால் இரண்டு ஒட்டுகள் பாய் விரிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திரும்ப ஒட்டினேன், நிற்கவில்லை. உங்கள் எண்ணுக்கு 5.10க்கும் 6.30க்கும் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. காலை 10.30க்கு அதே பையன் வந்து மெஷினைக் கழற்றிக்கொண்டு போனான். ஒட்டு பிரிந்ததை அவனிடமும் சொன்னேன். ‘பரவாயில்லை சார், சாஃப்ட்வேர் பாத்துக்கும்’ என்றான்.

அன்று, மே 14, மாலை 7.10க்கு ரிப்போர்ட் வாட்ஸ்ஆப்பில் வந்துவிட்டது. முதல் பக்கத்தில், பதிவு நேரம் 23 மணி 50 நிமிடம். குறிப்பிடத்தக்க இடைநிறுத்தம் இல்லை. நோயாளி பட்டன் அழுத்திய நிகழ்வுகள் பூஜ்யம். முடிவு: நார்மல். கீழே ஒரு டாக்டரின் கையெழுத்து, ஸ்கேன் செய்து ஒட்டியது.

இனி நான் சொல்வதை ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பதிவு தொடங்கிய நேரம் என்று 13ஆம் தேதி இரவு 22:40 போட்டிருக்கிறது. முடிந்த நேரம் 14ஆம் தேதி இரவு 22:30. எனக்கு ரிப்போர்ட் வந்ததோ அன்று மாலை 7.10க்கு. அதாவது உங்கள் கணக்குப்படி பதிவு முடிவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே முடிவு எழுதிவிட்டீர்கள். மிகக் குறைந்த துடிப்பு 49, நேரம் 14ஆம் தேதி பகல் 3.12. அந்த நேரத்தில் மெஷின் என் மனைவியின் நெஞ்சில் இல்லை, உங்கள் பையனின் பையில் இருந்தது. மிக அதிகத் துடிப்பு 128, காலை 6.05க்கு. காலை 6.05க்கு அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார், மாடி ஏறியது முந்தின நாள் மாலை. மெஷின் கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இரவெல்லாம் பகலாகவும் பகலெல்லாம் இரவாகவும் போய்விட்டது. கையெழுத்துப் போட்டவர் இந்த மூன்று நேரங்களில் ஒன்றையாவது பார்த்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

அடுத்தது இன்னும் மோசம். மொத்தத் துடிப்புகள் 71,790 என்கிறீர்கள். சராசரி நிமிடத்துக்கு 71. வகுத்துப் பாருங்கள், 1,011 நிமிடம் வரும். 16 மணி 51 நிமிடம். மீதி ஏழு மணி நேரம் எங்கே? நாலாம் பக்கத்தில் மணிவாரி அட்டவணை இருக்கிறது. அதில் 15:30க்குப் பிறகு எல்லாக் கட்டத்திலும் வெறும் கோடு. பன்னிரண்டு மணி நேரத்தைக் கழித்தால் அது விடியற்காலை 3.30, ஒட்டு பிரிந்த நேரம். 4.50க்கு அவருக்குக் கண் இருட்டியபோது உங்கள் மெஷின் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எந்த நேரத்துக்காக இந்தப் பரிசோதனை எழுதப்பட்டதோ, சரியாக அந்த நேரம் பதிவில் இல்லை. ஆனாலும் முதல் பக்கத்தில் ‘நார்மல்’.

மீட்டர் பார்க்கப் போகும்போது கதவு பூட்டியிருந்தால், ‘கதவு பூட்டு’ என்று குறித்துவிட்டு வருவோம். பயன்பாடு பூஜ்யம் என்று எழுத மாட்டோம். எழுதினால் மெமோ வரும், எனக்கு ஒரு தடவை வந்திருக்கிறது. நீங்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, உள்ளே விளக்கே எரியவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்.

ஒட்டு பிரிவது யாருக்கும் நடக்கும். வியர்வைக்கு நீங்கள் பொறுப்பில்லை. ‘போதுமான பதிவு இல்லை, மறுபடி எடுக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் இன்னொரு 2,800 ரூபாயைக்கூட முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருப்பேன். டாக்டரும் மனிதர்தானே, வெளியே நாற்பது பேர் காத்திருக்க முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ‘இதயம் நன்றாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்’ என்றார். நான் நோட்டையும் நாலாம் பக்கத்தையும் நீட்டிய பிறகுதான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். நோட்டு எழுதாத வீட்டில் என்ன நடந்திருக்கும்?

மே 22ஆம் தேதி வேறு இடத்தில் 48 மணி நேரப் பதிவு எடுத்தோம், 4,500 ரூபாய். அங்கே ஒரு பெண் வந்தார். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, புதுப் பாக்கெட்டைக் கண்முன் பிரித்து ஒட்டினார். தன் கைக்கடிகாரத்தோடு மெஷின் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். பட்டனை ‘பீப்’ சத்தம் வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று என் மனைவியை இரண்டு தடவை செய்யவைத்தார். உங்கள் ஆள் இதைச் சொல்லவே இல்லை. நிகழ்வுகள் பூஜ்யம் ஆன காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பதிவும் நார்மல்தான் வந்தது. ‘அப்படியானால் நாங்கள் சொன்னதும் சரிதானே’ என்று உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பெண் போனில் கேட்டார். இல்லையம்மா. அதில் இரண்டாம் நாள் விடியற்காலை 5.02க்கு அவருக்குக் கண் இருட்டியது, பட்டன் அழுத்தினோம், அந்த நிமிடத்து வரைபடம் ரிப்போர்ட்டில் இருக்கிறது. துடிப்பு 78, ஒழுங்காக ஓடுகிறது. கண் இருட்டும் அதே நேரத்தில் இதயம் சரியாக ஓடியது என்று தெரிந்ததால்தான் டாக்டர் வேறு பக்கம் திரும்பினார். படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், 138. எழுந்து நிற்கவைத்து மறுபடி பார்த்தார், 108. எழுந்ததும் அழுத்தம் இறங்குவதால்தான் கண் இருட்டுகிறது என்று, இரவில் போடும் மாத்திரையை மாற்றிக்கொடுத்தார். பத்து நாளாக வீட்டில் யாரும் சுவரைப் பிடிக்கவில்லை. உங்கள் ‘நார்மல்’ யாரையும் எந்தப் பக்கமும் திருப்பியிருக்காது.

சரி, எனக்கு வேண்டியது என்ன? கட்டிய 2,800 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மே 14 ரிப்போர்ட்டை ரத்து செய்து, ஆய்வு செய்ய முடிந்த நேரம் எவ்வளவு, கடிகாரப் பிழை என்ன என்பதை எழுதிய திருத்தக் கடிதம் தர வேண்டும். நாளைக்கு வேறு டாக்டரிடம் போனால் அந்தப் பழைய தாள் கோப்பில் நார்மல் என்று கிடக்கக் கூடாது. மூலப் பதிவுக் கோப்பின் நகல் வேண்டும். இனி அனுப்பும் ரிப்போர்ட்களில், பதிவான நேரத்துக்குப் பக்கத்திலேயே ஆய்வு செய்த நேரத்தையும் முதல் பக்கத்தில் போடுங்கள். இதற்குப் புது மெஷின் வேண்டாம், நாலாம் பக்கத்தில் இருப்பதை முதல் பக்கத்துக்கு நகர்த்தினால் போதும். பெண் டெக்னீசியன் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். இரண்டு நாள் காத்திருப்போம்.

அந்தப் பையனை வேலையை விட்டு எடுத்துவிட்டோம் என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். ஒரு நாளைக்கு ஏழு வீடு கொடுத்தது அவன் இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லியிருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஏற்கெனவே பேசிவிட்டேன்.

இணைப்பு: உங்கள் ரிப்போர்ட்டின் 1, 4ஆம் பக்கங்கள், பணம் கட்டிய ரசீது, நோட்டின் இரண்டு பக்கங்கள், வாட்ஸ்ஆப் செய்தி வந்த நேரத்தின் படம், இரண்டாவது பதிவில் 5.02 மணி வரைபடத்தின் நகல்.

இப்படிக்கு,
நோயாளியின் கணவர்

பி.கு.: மெஷினைத் தோளில் மாட்டும் துணிப்பையைப் பையன் மறந்துவிட்டுப் போய்விட்டான். என் மனைவி துவைத்து மடித்து வைத்திருக்கிறார். யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பெண் டெக்னீசியன் தேவையில்லை.