ஷிரகாவாகோவில் எனக்கு உதவிய பெரியவருக்கு நன்றி

பணி நிமித்தமாக நகோயாவில் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தபோது, விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ஜப்பானின் பழைய ஊர்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன். பழைய மரவீடுகள் வரிசைகட்டி நிற்கும் தகயாமாவும், 1995இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஷிரகாவாகோவும் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை.

பனி கொட்டிய ஒரு ஜனவரி மாலையில், நேரத்தைத் தவறாகக் குறித்துக்கொண்டதால், ஷிரகாவாகோவின் ஓகிமாச்சி கிராமத்திலிருந்து தகயாமா திரும்பும் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டுத் திகைத்து நின்றேன். வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த தாங்கள் என்னை உள்ளே அழைத்துத் தேநீர் தந்தீர்கள். பிறகு, கூப்பிய கைகளைப் போல் சரிந்திறங்கும் கூரையின் உட்புறத்தைப் பரணில் ஏற்றிக் காட்டினீர்கள். முற்காலத்தில் பட்டுப்புழு வளர்த்த அந்தப் பரணில், ஆணியின்றிக் கயிற்றாலும் வளைந்துகொடுக்கும் இளங்கொம்புகளாலும் பிணைத்த மரங்களுக்கிடையே, புகையேறிக் கறுத்திருந்த ஒரு முடிச்சின் மீது என் விரலை வைத்து, ‘யுய்’ என்றீர்கள். ஊரே கூடி ஒரு வீட்டுக்குக் கூரை வேய்ந்து கொடுக்கும் கூட்டுழைப்பின் பெயர் அது. படித்து அறிந்திருந்த அந்தச் சொல்லின் பொருள், அந்த முடிச்சைத் தொட்டபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

இருட்டிய மலைப்பாதையில் தகயாமா வரை தாங்களே காரோட்டி வந்து, பணம் எதுவும் வாங்க மறுத்து, நான் விடுதிக்குள் நுழையும் வரை காத்திருந்தீர்கள். என் அரைகுறை ஜப்பானிய மொழியில் அன்று சரியாகச் சொல்ல முடியாமற்போன நன்றியை, என் தாய்மொழியில் இங்கே எழுதிவைக்கிறேன், ஐயா.