பெயிண்ட் அடிப்பதற்கு முன்

தாம்பரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராமநாதனுக்கு,

பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்ற உன் குற்றச்சாட்டை மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

சென்ற வாரம் தொலைபேசியில், குளியலறைக்குப் பின்புறச் சுவரில் ஓதம் ஏறியிருப்பதாகவும், தீபாவளிக்குள் சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் போவதாகவும் போகிற போக்கில் சொன்னாய் அல்லவா, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்பதற்கு என் மானம் போன கதையை முதலில் கேள்.

எங்கள் மொட்டை மாடித் தொட்டி 1000 லிட்டர். நாளுக்கு ஒருமுறை மோட்டார் போட்டால் போதும் என்றிருந்த வீட்டில், இரண்டு மாதங்களாக இருமுறை போட வேண்டியதாயிற்று. மாடியில் குடியிருப்பவர்கள்தான் தண்ணீரை வீணடிக்கிறார்கள் என்று நானே தீர்ப்பு எழுதி, அந்த அம்மாளிடம் சற்றுக் கடுமையாகவும் பேசிவிட்டேன். அவர்கள் ஊருக்குப் போயிருந்த நான்கு நாட்களிலும் மோட்டார் ஓட்டம் பெரிதாகக் குறையவில்லை.

பிறகுதான் புத்தி வந்தது. இரவு 10 மணிக்கு எல்லா கேட் வால்வுகளையும் மூடிவிட்டு, ஒரு குச்சியால் நீர்மட்டத்தை அளந்து வைத்தேன்; காலையில் மட்டம் இறங்கவில்லை, ஆகவே தொட்டியில் குற்றமில்லை. மறுநாள் இரவு எங்கள் குளியலறை வால்வை மட்டும் திறந்து வைத்தேன். விடிவதற்குள் 4 அங்குலம் இறங்கியிருந்தது. என் தொட்டியில் ஓர் அங்குலம் என்பது 20 லிட்டருக்கு மேல். குழாய்கள் எதுவும் சொட்டவில்லை, தரையும் காய்ந்தே கிடந்தது. கடைசியில், ஃப்ளஷ் தொட்டியில் சொட்டு நீலத்தைக் கலந்து அரை மணி நேரம் யாரும் அதைத் தொடாமல் காத்திருந்தபோது, கழிப்பறைக் கோப்பைக்குள் நீலக் கோடு ஒன்று ஓசையின்றி இறங்கியது. அடியிலிருக்கும் ரப்பர் வாஷரில் எங்கள் போர் தண்ணீரின் உப்பு படிந்து, அது சரியாக உட்காராமல் போயிருக்கிறது. சிறுவாணித் தண்ணீரிலேயே வளர்ந்த உனக்கு இந்த உப்பின் கொடுமை புரியாது. வாஷரை மாற்றினேன், அந்த அம்மாளிடம் மன்னிப்பும் கேட்டேன். கணபதிக்கு மட்டும் இதைச் சொல்லிவிடாதே.

இப்போது உன் சுவருக்கு வருகிறேன். கசிவைக் கண்டுபிடிக்காமல் பெயிண்ட் அடித்தால் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அந்தக் குளியலறைக்குப் போகும் வால்வை இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் கொண்டுபோய் எப்போதும்போல் அங்கேயே குளியுங்கள். ஓதம் காயத் தொடங்கினால் சுவருக்குள் போகும் குழாயில் கசிவு. காயாமல் குளித்த பிறகு அதிகமானால் கழிவுநீர்க் குழாயிலோ தரை ஓடுகளின் இணைப்பிலோ கோளாறு. உங்கள் வீட்டில் இருப்பவை அப்பா காலத்து ஜி.ஐ. குழாய்கள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். அவை உள்ளிருந்தே துருப்பிடிக்கும். காலையில் முதலில் திறக்கும்போது தண்ணீர் பழுப்பாக வருகிறதா என்று பார். வந்தால் ஒட்டுப் போடுவதில் பயனில்லை, அந்த வரிசையையே மாற்ற வேண்டும். வெந்நீர் போகிற பகுதிக்குச் சாதாரண பி.வி.சி. போட விடாதே, சூட்டில் அது இளகிவிடும்; வெந்நீரைத் தாங்கும் சி.பி.வி.சி. என்றே கேட்டு வாங்கு.

ராமநாதா, இனிச் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அந்தச் சுவரில்தான் கீசரின் சுவிட்ச் பெட்டி இருப்பதாக எனக்கு நினைவு. ஓதம் அதை நெருங்கியிருந்தால், மெயினில் அந்த இணைப்பை இன்றே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழை. அதுவரை அம்மாவை ஈரக் கையோடு அந்தப் பக்கம் போக விடாதே.

பல ஆண்டுகளாகத் திருகாத வால்வு இறுகிப்போயிருக்கும். உன் விடுதிக் காலத்துப் பலத்தை அதனிடம் காட்டாதே, தண்டு முறிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை நானே ஸ்பேனரோடு வருகிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு அம்மாவிடம் சொல்லி வை.

உன்,
அணைக்கட்டு