செட்டுக்கார அண்ணாச்சிக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

எங்கள் ராக் இசைக்குழுவின் முதல் பாடல் தொகுப்பு வெளிவந்து இன்றோடு மூன்று நாட்கள் ஆகின்றன. அதற்கு முன்பு நடந்தவை உங்களுக்குத் தெரியும். அவற்றைத் திரும்பச் சொல்ல எங்களுக்கு இப்போது தெம்பில்லை. நன்றியை மட்டும், மனம் ஆறிப்போவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

தொகுப்பு வெளியீட்டுக்குப் பேசியிருந்த மண்டபம் இல்லையென்றான அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு களத்தில் மின்சாரமும் இல்லாமல், ஒலிபெருக்கியும் இல்லாமல் நின்றிருந்தோம். கோயில் கொடை ஒன்றை முடித்துவிட்டுக் குட்டியானையில் சாமான்களோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த மைக் செட்டுக்கார அண்ணாச்சி ஒருவர், முக்கில் தேநீர் குடிக்க இறங்கியவர், எங்கள் நிலையைக் கேட்டறிந்து வண்டியைக் களத்துக்குள் திருப்பினார். இரண்டு இரவுகள் கண்விழித்திருந்த மனிதர் அவர். ஜெனரேட்டரை இறக்கி, பாக்ஸ்களை அடுக்கி, வயர் இழுத்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இதற்கே நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால் இந்த மடலை எழுத வைத்தது அதற்குப் பிறகு அவர் செய்த காரியம். ஒத்திகையாக ஒரு பாடலை முழுவதும் கேட்டுவிட்டு, மிக்சருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து சொன்னார்: “தம்பி, கிதார் நல்லாத்தான் முழங்குது. ஆனா நீங்க என்ன சொல்லுதீங்கன்னே வெளங்கலையே. வில்லுப்பாட்டுல குடத்த எப்படி அடிச்சாலும் கதை கேக்கும்லா?”

அவர் கேட்ட பாடல், 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் உயிரிழந்த 17 பேரைப் பற்றியது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி கொக்கிரகுளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாகப் போனவர்கள், காவல்துறையின் தடியடிக்குத் தப்ப ஆற்றில் இறங்கிய நாள் அது. பாடலில் ஆளுக்கொன்றாகப் பதினேழு வரிகள் வைத்திருந்தோம். கடைசி வரி ஒன்றரை வயதுக் குழந்தைக்கானது. அந்த ஒவ்வொரு வரிக்காகவும் மாதக்கணக்கில் மெனக்கெட்ட நாங்கள், அவை கேட்பவர் காதில் விழுகின்றனவா என்று ஒரு முறையும் சோதித்துப் பார்க்கவில்லை. எங்களுக்கு வரிகள் மனப்பாடம் என்பதால், கிதாரின் இரைச்சலுக்குள்ளும் அவை எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன.

மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளில் இருக்கிறது என்பதும், ஓவர்டிரைவ் போட்டுக் கரகரப்பாக்கிய கிதார் அதே இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதும் நாங்கள் படித்தறிந்தவைதாம். அண்ணாச்சி அந்த எண்களைச் சொல்லவில்லை. இரண்டு குமிழ்களைத் திருகிக் கிதாரின் நடுப்பகுதியைத் தணித்தார், குரலை முன்னுக்குக் கொண்டுவந்தார், மறுபடியும் பாடச் சொல்லிவிட்டுக் களத்தின் கடைக்கோடி வரை நடந்து போய்க் கேட்டுவிட்டுத் திரும்பினார். அன்றிரவு முன்வரிசையில் அமர்ந்திருந்த, மாஞ்சோலை மலையிலுள்ள நாலுமுக்கு எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக் காலம் கழித்த பாட்டி ஒருவர், கடைசி வரி வந்தபோது தலையைக் குனிந்துகொண்டதை மேடையிலிருந்து பார்த்தோம். அந்த வரி அவருக்குக் கேட்டுவிட்டது.

அன்றிரவே வெளியிடுவதாக இருந்த தொகுப்பை நிறுத்திவைத்தது இதனால்தான். வேறு அச்சம் எதனாலும் இல்லை. 1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதற்கு எதிராக எழுந்த திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான நால்வரைப் பற்றிய பாடல், 1929இல் தொடங்கி 2028இல் முடியும் மாஞ்சோலைத் தோட்ட நிலத்தின் 99 ஆண்டுக் குத்தகையைப் பற்றிய பாடல், பீடி சுற்றும் பெண்களின் பாடல் என எட்டுப் பாடல்களையும் நான்கு இரவுகள் உட்கார்ந்து மறுபடியும் கலந்தோம். இன்று உங்கள் கையில் இருப்பது அந்தக் கலவை. அரசியல் பேசும் பாட்டுக்கு முழக்கம்தான் முக்கியம் என்று நம்பியிருந்தவர்கள் நாங்கள். அந்த நம்பிக்கையைக் கோபமில்லாமல், கேலி இல்லாமல் ஒரு மனிதர் திருத்தினார். வாடகை என்று நாங்கள் நீட்டியதிலிருந்து டீசலுக்கு ஆன காசை மட்டும் எடுத்துக்கொண்டார்.

களத்தைத் தந்த பெரியவருக்கும், நள்ளிரவில் அழைத்தபோதும் காசு வாங்காமல் வந்த வழக்கறிஞர்களுக்கும், முதல் பாடலுக்கு மகுடம் என்னும் தோல்கருவியை அடித்துத் தந்த கணியான் கூத்துக் கலைஞர்களுக்கும், சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த தெருப் பெண்களுக்கும், ஒலிப்பதிவுச் செலவுக்காக வளையலை அடகு வைத்த எங்கள் டிரம்மரின் அக்காவுக்கும், பாளையங்கோட்டை நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம். அக்காவின் வளையலை மீட்காமல் புதிதாக ஒரு கருவியும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். இனி எந்த மேடை ஏறினாலும் முதலில் குரலைத்தான் சரிபார்ப்போம். எங்களில் ஒருவர் கடைசி வரிசை வரை நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்த பிறகே பாடத் தொடங்குவோம்.

அண்ணாச்சி, அன்று அவசரத்தில் உங்கள் வயர்ச் சுருள் ஒன்று களத்திலேயே தங்கிவிட்டது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம். வருகிற ஞாயிறு காலையில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.