லீவு லெட்டர்ல எங்க வீட்டு விஷயம் எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல குழந்தையின்மை சிகிச்சை பத்தி வந்த கட்டுரைய நானும் என் துணையும் சேர்ந்து உக்காந்துதான் படிச்சோம். ஊசி, செலவு, மனக்கஷ்டம் எல்லாம் நல்லா எழுதியிருந்தீங்க, ஆனா முதல் வரியில இருந்து கடைசி வரைக்கும் கணவன் மனைவின்னே போச்சு. நாங்க ரெண்டு பேரும் பொண்ணுங்க. 7 வருஷமா ஒரே வீட்லதான் இருக்கோம். நான் இப்ப ஐவிஎஃப் (முட்டைய வெளிய எடுத்து லேப்ல கரு உண்டாக்கி கர்ப்பப்பையில வெக்கிற சிகிச்சை) எடுத்துட்டிருக்கேன், இது ரெண்டாவது சைக்கிள், அதாவது ரெண்டாவது முயற்சி.

நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, எங்களுக்கே ரொம்ப நாள் தெரியாது. 2021ல வந்த ஏஆர்டி சட்டப்படி (ஐவிஎஃப் மாதிரி செயற்கை கருத்தரிப்பு சிகிச்சைக்கான சட்டம்) 21 வயசுக்கு மேல 50க்குள்ள இருக்கிற பொண்ணு கல்யாணம் ஆகலன்னாலும் தனியா போய் இந்த ட்ரீட்மெண்ட் எடுத்துக்கலாம், ஸ்பெர்ம் பேங்க்ல இருந்து டோனர் விந்தணு வாங்கிக்கலாம் (வாடகைத்தாய் சட்டம் அப்படி இல்ல, அது வேற கதை). ஆனா ஜோடியா போக முடியாது. 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் எங்க மாதிரி கல்யாணத்துக்கு அங்கீகாரம் குடுக்க மறுத்துடுச்சு, அதனால ஃபைல்ல நான் கல்யாணம் ஆகாத தனிப் பொண்ணு, அவளுக்கு அதுல இடமே இல்ல. எக் பிக்கப் (முட்டைய வெளிய எடுக்கிறது) அன்னிக்கு மயக்க மருந்து குடுக்கிறதுக்கு கூட வந்தவங்க கையெழுத்து கேட்டாங்க, உறவுமுறைன்னு போட்டிருந்த இடத்துல பேனாவ வெச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு அப்புறம் 'அக்கா'ன்னு எழுதினா.

ஆஸ்பத்திரி கூட பரவால்ல சார், கஷ்டம் ஆபீஸ்லதான்.

ஐவிஎஃப்க்கு நம்ம இஷ்டத்துக்கு நாள் குறிக்க முடியாது. பீரியட்ஸ் ரெண்டாம் நாள் மூணாம் நாள் ஆரம்பிச்சு பத்து பன்னெண்டு நாள் ஊசி, நடுநடுவுல முட்டை வளர்ச்சிய பாக்க ஃபாலிகுலர் ஸ்கேன், ஒரு நாள் திடீர்னு 'இன்னிக்கு நைட்டு ட்ரிகர் ஷாட் போட்டுக்கோங்க, நாளன்னிக்கு காலையில பிக்கப்'னு சொல்லுவாங்க, அது முட்டை முதிர்றதுக்கான கடைசி ஊசி, போட்டு 34 மணி நேரத்துல இருந்து 36 மணி நேரத்துக்குள்ள முட்டைய எடுத்தாகணும், எனக்கு ஆபீஸ்ல ப்ராஜெக்ட் ரிலீஸ் இருக்கு ஒரு நாள் தள்ளி வெச்சுக்கலாமான்னு கேக்க வழியே இல்ல. மகப்பேறு லீவ 2017ல 26 வாரம் ஆக்கினாங்க, கரு கலைஞ்சா 6 வாரம் உண்டு, நல்ல விஷயம். ஆனா கரு உண்டாகிறதுக்கு முன்னாடி ஓடுற இந்த ஓட்டத்துக்கு ஒரு நாள் கூட கிடையாது. எல்லாம் நம்ம சிக் லீவுதான், அதுவும் ரெண்டு நாளைத் தாண்டினா எங்க கம்பெனில டாக்டர் சர்டிபிகேட் குடுக்கணும்.

முதல் சைக்கிள்ல நான் குடுத்த சர்டிபிகேட்ல ஃபெர்டிலிட்டி சென்டர்னு தலைப்புலயே பெரிய எழுத்துல இருந்துச்சு. எச்ஆர்ல அத ஸ்கேன் பண்ணி மேனேஜர், டீம் லீட் எல்லாருக்கும் மெயில்ல அனுப்பிட்டாங்க. கெட்ட எண்ணத்துல செய்யல, யார் குடுத்தாலும் அப்படித்தான் அனுப்புவாங்களாம். ஒரே வாரத்துல நான் பேன்ட்ரிக்குள்ள போனா பேச்சு நின்னுடும். என்மேல பாசமா இருக்கிற ஒரு அக்கா தனியா கூப்பிட்டு 'யாரும்மா அந்தப் பையன், நான் வேணா உங்க வீட்ல பேசட்டுமா'ன்னு கேட்டாங்க. என்ன பதில் சொல்றது நான்?

கல்யாணம் ஆன பொண்ணுங்களும் இத மறைச்சுதான் வெக்கிறாங்க, ப்ரமோஷன் போயிடும்னு பயம், அவங்க கஷ்டத்த நான் குறைச்சு சொல்லல. ஆனா எங்களுக்கு ஐவிஎஃப்னு தெரிஞ்ச உடனே அடுத்த கேள்வி 'யாரோட'ன்னுதான் வரும், அதுக்கு உண்மைய சொன்னா அவளும் சேர்ந்து வெளிய வந்துடுவா. அவ ஒரு தனியார் ஸ்கூல்ல டீச்சர். என் ஆபீஸ்ல போற ஒரு மெயில் சுத்திச் சுத்தி போய் அவ வேலைய காலி பண்ணிடும்ங்கிற பயம்தான் எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுக்குது. எங்க மாதிரி உறவ குற்றமாக்கின 377வது பிரிவுக்கு எதிரா 2018லயே தீர்ப்பு வந்துடுச்சு, போலீஸ் பயம் இல்ல. 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட் கல்யாணம் ஒண்ணுதான் குடும்பத்துக்கு வழின்னு இல்ல, நாமளா தேர்ந்தெடுத்துக்கிற குடும்பமும் குடும்பம்தான்னு சொன்னப்ப அந்தச் செய்திய வெச்சுக்கிட்டு அவ அழுதா. ஆனா அடுத்த நாள் ஸ்கூல்ல யார்கிட்டயும் அதப்பத்தி வாய திறக்க முடியல.

பிக்கப்புக்கு பாட்டிக்கு ஆபரேஷன்னு பொய் சொல்லித்தான் லீவு வாங்கினா. டிரான்ஸ்பருக்கு (கருவ கர்ப்பப்பையில வெக்கிற அன்னிக்கு) அவளுக்கு சிஎல் இல்ல, நான் மட்டும் ஆட்டோல போயிட்டு வந்தேன். ரெண்டு வாரம் கழிச்சு பீட்டா ரிசல்ட் (கர்ப்பமான்னு பாக்குற ரத்த டெஸ்ட்) மத்தியானம் 3 மணிக்கு போன்ல வந்துச்சு, நெகட்டிவ். அவ கிளாஸ்ல இருந்தா, போன் ஆஃப். ஸ்கூல் விடுற வரைக்கும் ஆபீஸ் பாத்ரூம்லயே உக்காந்திருந்தேன், பக்கத்து சீட்ல கூட சொல்ல முடியல.

எங்க விவரத்த கிளினிக் வெளிய விடக்கூடாதுன்னு ஏஆர்டி சட்டத்துலயே இருக்கு. அதே விவரம் லீவு சர்டிபிகேட்டா ஆபீஸ்க்குள்ள வந்துட்டா யார் வேணா பாக்கலாமா? எத்தனை நாள் வர முடியாது, எந்த டாக்டர் சொன்னாரு, இது தெரிஞ்சா கம்பெனிக்கு போதும் சார். சர்டிபிகேட் எச்ஆர்ல ஒருத்தர்கிட்ட இருக்கட்டும், மேனேஜருக்கு தேதி மட்டும் போகட்டும். இந்த தடவை எங்க டாக்டர்கிட்ட கேட்டேன், அவங்க சொந்த லெட்டர்ஹெட்ல 'மெடிக்கல் ப்ரொசீஜர், 3 நாள் ஓய்வு'ன்னு மட்டும் எழுதி குடுத்தாங்க, கேட்டா குடுப்போம்மா யாரும் கேக்கிறதில்லன்னாங்க. இத படிக்கிறவங்க யாராவது ட்ரீட்மெண்ட்ல இருந்தா தயவுசெஞ்சு கேளுங்க.

இந்த கடிதத்த போட்டா என் பேரும் ஏரியாவும் போட வேண்டாம், சென்னைன்னு மட்டும் போடுங்க. அவ ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல உங்க பேப்பர்தான் வாங்குறாங்க.

ஒரு வாசகி,
சென்னை